தொடாமல் கொடுக்கும் பெயர்: மின்-விசிட்டிங் கார்டை ஒரு பிரதியாக வாசித்தல்

விசிட்டிங் கார்டு ஒரு பிரதி. கவிதையை, சினிமாவை, கட்-அவுட்டை, கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பிரதியாக வாசிக்கப் பழகிவிட்ட நமது விமர்சனம், ஒரு மனிதர் தன்னைப் பற்றித் தானே எழுதி, தன் காசில் அச்சடித்து, தன் கையாலேயே விநியோகிக்கும் இந்த இரண்டங்குலப் பிரதியை ஏனோ கண்டுகொண்டதில்லை. (நம்ம கவிதைத் தொகுப்புகளும் அப்படித்தானே வருது என்று நண்பர்கள் கேட்கலாம். வித்தியாசம் உண்டு. விசிட்டிங் கார்டை வாங்கியவர் ஒரு தடவையாவது அதை வாசிக்கிறார்.)

இப்போது அந்தப் பிரதியின் உடல் மாறியிருக்கிறது. ஏ.டி.எம். கார்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. சில சமயம் உலோகம், சில சமயம் மூங்கில். உள்ளே ஒரு சில்லு, அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள். மின்கலம் கிடையாது. எதிரில் நிற்பவரின் செல்போன் 13.56 மெகாஹெர்ட்ஸில் உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்து தூண்டலால் மின்சாரம் பெற்றுத்தான் இந்தச் சில்லு கண் விழிக்கிறது. சுமார் 4 சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் பேச்சுவார்த்தை. நோக்கியா, பிலிப்ஸ், சோனி மூன்றும் சேர்ந்து 2004-இல் அமைத்த என்.எஃப்.சி. மன்றம் இதற்கான விதிகளை வகுத்தது. 2018-க்குப் பின் வந்த ஐபோன்கள் தனிச் செயலி இல்லாமலேயே இதைப் படிக்கின்றன. காட்டினால் போதும், ‘தட்டினால்’ போதும், ஆளின் விவரம் அடுத்தவர் திரையில் வந்து நிற்கும் என்பதுதான் விற்பனைப் பேச்சு.

ஆனால் அட்டைக்குள் ஆள் இல்லை. பரவலாகப் புழங்கும் சில்லு வகை ஒன்றின் கொள்ளளவு 144 பைட். அதற்குள் படம், பதவி, பெருமை எதையும் அடைக்க முடியாது. அதில் இருப்பது ஒரு இணைய முகவரி மட்டுமே. ஆள் இருப்பது அட்டையை விற்ற கம்பெனியின் சர்வரில். சுட்டும் விரல் மட்டும் சட்டைப் பையில் இருக்கிறது, சுட்டப்படுவது வேறொருவன் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை முதலில் பிரதி-வாசகர் உறவில் நேர்ந்த மாற்றமாகப் பார்ப்போம். காகித அட்டை கைமாறிய கணத்திலேயே எழுதியவர் அதன் மீதிருந்த அதிகாரத்தை இழந்துவிட்டார். வாங்கியவர் அதைப் பர்ஸில் வைக்கலாம், பல் குத்தலாம், ஆடுகிற பஸ் ஜன்னலுக்கு மடித்துச் செருகலாம், பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதலாம். அந்தப் பின்பக்கம் வெறுமையாக விடப்பட்டதே வாசகருக்காகத்தான் என்று எண்ணும்படி எத்தனையோ அட்டைகளின் முதுகில் எத்தனையோ எழுதப்பட்டது. ரோலன் பார்த் 1960-களின் இறுதியில் ஆசிரியரின் மரணத்தை அறிவித்தபோது அவர் மனதில் விசிட்டிங் கார்டு இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த மரணம் இவ்வளவு சுத்தமாக நிகழ்ந்த பிரதி வகை வேறு அதிகம் இல்லை.

மின் அட்டையில் ஆசிரியர் சாக மறுக்கிறார். கொடுத்த பிறகும் திருத்துகிறார். நேற்று ‘உதவி மேலாளர்’, இன்று ‘நிறுவனர்’. வாங்கியவர் கையில் நேற்றைய வாசகம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பாடபேதமே மிஞ்சுவதில்லை. (ஏட்டுச்சுவடிகளோடு மல்லுக்கட்டிய பதிப்பாசிரியர்களுக்குக் கிடைத்த அந்தக் குறைந்தபட்ச வசதிகூட இங்கே இல்லை.) அதோடு நிற்பதில்லை. எத்தனை பேர் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள், எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று கணக்கெடுத்துத் தருவதையே பல கம்பெனிகள் தங்கள் சரக்கின் சிறப்பாக விளம்பரம் செய்கின்றன. வாசகரைப் பிரதி வாசிக்கிறது என்று சிறுபத்திரிகைகள் ஒரு காலத்தில் உருவகமாக எழுதின. இப்போது அது வெறும் சர்வர் பதிவேடு.

சரி, ஆசிரியர் ஜெயித்துவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. பல அட்டைகளுக்கு மாதச் சந்தா அல்லது வருடச் சந்தா. கட்டாவிட்டால் சில வசதிகள் மறையும். கம்பெனியே மூடிவிட்டால் சில்லு சுட்டும் முகவரியில் ஒன்றும் இருக்காது, கையில் பிளாஸ்டிக் மிஞ்சும். தன் பெயரைத் தானே குத்தகைக்கு எடுத்து உழுகிற நிலைமை இது. காகித அட்டையை அடித்துக் கொடுத்த டிரெடில் அச்சகக்காரர் கூலி வாங்கியதோடு போய்விட்டார். நீங்கள் யாரிடம் அட்டை கொடுக்கிறீர்கள் என்று பின்னால் வந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நமது சிறுபத்திரிகைகள் பல அதே டிரெடில்களில்தான், விசிட்டிங் கார்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் அடிக்கப்பட்டன என்பதை இங்கே சும்மா நினைவுபடுத்தி வைக்கிறேன்.

பழைய அட்டை ஏதோ வெள்ளந்தியான பொருள் என்று இதற்கு அர்த்தமில்லை. அதன் வம்சாவளி காலனிய வாசற்படிக்குப் போகிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு ஊருக்குப் புதிதாக வந்த வெள்ளை அதிகாரி பங்களா பங்களாவாகப் போய் ‘வீட்டில் இல்லை’ என்று எழுதியிருக்கும் பெட்டியில் தன் அட்டையைப் போட்டுவிட்டு வரவேண்டும். வீட்டில் ஆள் இருந்தாலும் பெட்டி ‘இல்லை’ என்றே சொல்லும். பார்க்காமல், பேசாமல், படிநிலை மட்டும் அறிவிக்கப்படும். தொடர்பற்ற தொடர்பு 13.56 மெகாஹெர்ட்ஸுக்கு முன்பே இருந்தது.

இனி பெயருக்கு வருவோம். விஷயம் கனப்பது இங்கேதான்.

திரையில் வந்து நிற்கும் விவரத்தை ‘சேமி’ என்று அழுத்தினால் அது ‘விகார்டு’ என்ற கோப்பு வடிவத்தில் போனுக்குள் இறங்குகிறது. 1990-களின் நடுவில் ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐ.பி.எம்., சீமென்ஸ் கம்பெனிகள் கூடி உண்டாக்கிய வடிவம் இது. அதில் பெயருக்கான கட்டம் ஐந்தாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதலில் குடும்பப் பெயர், அடுத்து இடுபெயர், பிறகு கூடுதல் பெயர்கள், முன்னொட்டு மரியாதை, பின்னொட்டு மரியாதை. கவனியுங்கள், குடும்பம் முதலில். 1998-இல் வந்த 3.0 பதிப்பில் இந்தக் கட்டம் கட்டாயம். நடைமுறையில் பரவலாகப் புழங்குவதும் அதுதான். 2011-இல் வந்த 4.0 பதிப்பு மனம் இரங்கி, முழுப்பெயர் மட்டும் இருந்தால் போதும், பிரித்துக் காட்டத் தேவையில்லை என்றது.

நமக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? அப்பன் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு அரசியல் இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அதன் பிறகு ஓரிரு தலைமுறைகளில் பெயரின் வால் உதிர்ந்தது, தலையெழுத்து மட்டும் நின்றது. (அந்தத் தலையெழுத்தில் அம்மா இல்லை என்பது தனிச் சண்டை, இப்போது சிலர் இரண்டு எழுத்துப் போடுகிறார்கள்.) படிவத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பையனோ பெண்ணோ முதல் கட்டத்தில் என்ன எழுதுவது? பலர் அப்பா பெயரை எழுதுகிறார்கள். வடக்கே, வெளிநாட்டில் வியாபாரம் வேண்டும் என்பவர்களில் சிலர், தாத்தா உதிர்த்த வாலைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிறார்கள். ‘அப்பத்தான் புரொபஷனலா இருக்குங்க’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கட்டத்தை வடிவமைத்தவர்களுக்குச் சாதி தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. வெற்றிடத்தை உருவாக்கினால் போதும், அதை நிரப்பச் சமூகம் எப்போதும் தயார்.

ஒரு வால் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று கொண்டால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. நேர்முகம் இல்லை, முகம் இல்லை. பெயர் மட்டுமே வாசிக்கப்பட்டது. அஜித், டோங்கர், சக்சேனா மூவரும் 2012-இல் வெளியிட்டது இரண்டாவது. இந்தியாவின் 1000 பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் ஏறத்தாழ 93 சதவீதம் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடி இரண்டும் சேர்ந்து 3.5 சதவீதம். இவர்களின் சாதியை ஆய்வாளர்கள் எதிலிருந்து எடுத்தார்கள்? பெயரின் வாலிலிருந்து. ஆய்வாளருக்கே அவ்வளவு எளிதாகக் கிடைப்பது ஆளெடுப்பவருக்குக் கிடைக்காதா?

தமிழ்நாட்டில் வால் இல்லை, ஆகவே வாசிப்பு இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. இங்கே வாசிப்பு வாய்வழியாக நடக்கிறது. கோயம்புத்தூரில் சிறு தொழில் செய்கிறவர்கள் கூடிய ஒரு சந்திப்புக்கு நண்பர் ஒருவருக்காகப் போயிருந்தேன். பளபளவென்று கறுப்பு உலோக அட்டை வைத்திருந்த ஒருவரிடம் மெஷின் சர்வீஸ் செய்யும் இளைஞர் ஒருவர் வந்தார். அட்டையை இளைஞரின் போனுக்கு மேல் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போன்களில் பெரும்பாலானவற்றில் இந்த வசதியே கிடையாது. அட்டையைத் திருப்பினார், பின்பக்கம் க்யூஆர் சதுரம். ‘இதை ஸ்கேன் பண்ணிக்க தம்பி.’ பண்ணியாயிற்று. பண்ணி முடித்ததும் அடுத்த கேள்வி, ‘சொந்த ஊரு எது தம்பி?’ ஊர் சொன்னதும், ‘அங்க எந்தப் பக்கம்?’ அட்டை கேட்காததை வாய் கேட்டது. இந்த இரண்டாவது கேள்வியில்தான் அன்றைய ‘நெட்வொர்க்கிங்’ முடிந்தது என்று நினைக்கிறேன். இளைஞர் ‘பஸ் ஸ்டாண்டு பக்கம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருக்கு இந்தப் பரீட்சை புதிதல்ல என்பது அவர் சொன்ன வேகத்தில் தெரிந்தது.

ஆக, அட்டை வலைப்பின்னலை உண்டாக்குவதில்லை. இருக்கிற வலைக்கு ரசீது போடுகிறது. மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை, நெருங்கிய சொந்தங்களைவிட அரைகுறைப் பழக்கங்களே வேலைக்கும் தகவலுக்கும் பாலமாகின்றன என்று காட்டியது. தொழில் தொடர்புப் பயிற்சிக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் வேதம். நமது சமூகத்தில் அந்த ‘அரைகுறைப் பழக்கம்’ யாருக்கு யாரோடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. பூர்தியூ சமூக மூலதனம் என்று சொன்னபோது அது பங்கிடப்பட்ட விதத்தையும் சேர்த்துத்தான் சொன்னார். திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த ஷரத் சாரி 2004-இல் வந்த தன் நூலுக்குச் ‘சகோதர மூலதனம்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். உழைப்பால் உயர்ந்தோம் என்ற கவுண்டர் முதலாளிகளின் சொல்லாடலுக்குள் சாதியும் ஆண்மையும் எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்பதே அவர் தேடல். அந்தச் சகோதரர்களுக்கு இடையில் அட்டை தேவையே இல்லை. அட்டை தேவைப்படுவது வெளியே நிற்பவருக்கு. வெளியே நிற்பவரிடம் இப்போது ஆயிரம் ரூபாய்க்கும் மேலே விலை சொல்லி ஒரு சாவி விற்கப்படுகிறது. பூட்டு எந்தக் கதவில் இருக்கிறது என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை.

தொடுதலைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. விளம்பரங்களின் மையச் சொல் ‘கான்டாக்ட்லெஸ்’. 2020 மார்ச்சுக்குப் பிறகு, ‘சமூக இடைவெளி’ என்ற சொற்சேர்க்கை கூச்சமில்லாமல் அரசு அறிவிப்பாக ஒலித்த மாதங்களில், இந்தச் சொல்லுக்குச் சுகாதாரத்தின் புனிதம் ஏறியது. தமிழில் தொடு, தொடர், தொடர்பு, தொடுத்தல் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். தொடாமல் தொடர்பு என்று சொல்லும்போதே மொழி கொஞ்சம் தடுமாறுகிறது. இன்னொரு பக்கம், தொடாமல் கொடுப்பது நமக்குக் கண்டுபிடிப்பே அல்ல. இரட்டைக் குவளை, உள்ளங்கைக்கு மேலே உயரத்திலிருந்து விழும் சில்லறை, தரையில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகு எடுக்கப்படும் கூலி: தொடாத பரிவர்த்தனையின் முழு இலக்கணமும் இங்கே எழுதப்பட்டுக் கிடக்கிறது.

உடனே மின் அட்டை என்பது நவீனத் தீண்டாமை என்று தலைப்புப் போட்டுவிடலாம். அது மலிவான வேலை. தீண்டாமையைத் தோலில் வாங்கியவர்களை அவமதிக்கிற வேலையும்கூட. நாலு சென்டிமீட்டர் என்பது உண்மையில் மிக நெருக்கம். இரண்டு பேர் மூச்சுப்படும் தூரத்தில் நின்றால்தான் இந்தச் சில்லு வேலை செய்யும். நான் கவனிக்கச் சொல்வது வேறு. சுந்தர் சருக்கை 2009-இல் எழுதிய தீண்டாமையின் நிகழ்வியல் பற்றிய கட்டுரையில், தொடுகிறவர் தானும் தொடப்படாமல் தொட முடியாது என்ற இடத்திலிருந்து யோசித்து, தீண்டாமையின் மூலஸ்தானம் தொட மறுப்பவரின் உடல்தான் என்ற முடிவுக்கு நகர்கிறார். தன்னைத் தீண்டப்படாதவராக்கிக்கொள்வது அவரே. அந்தச் சுமை இன்னொருவர் தலையில் ஏற்றப்படுகிறது. காகித அட்டையை வாங்கும்போது விரலோடு விரல் உரசுவதைத் தவிர்க்க நினைத்தவர் அந்தத் தவிர்ப்பைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. எதிரில் நின்றவர் அதைப் பார்த்தார், குறித்துக்கொண்டார், ஒருநாள் கேட்டும் விட்டார். இப்போது தவிர்ப்பு கருவியின் இயல்பாகிவிட்டது. எவரும் எதையும் மறுக்கவில்லை. மறுப்புக்குச் சாட்சியம் இல்லாமல் போகிறது. வழக்குப் போடுகிறவர்களுக்கும் போராடுகிறவர்களுக்கும் இதன் கனம் புரியும்.

டெல்யூஸ் 1990-இல் எழுதிய கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றிய சிறு கட்டுரையில் கத்தாரி கற்பனை செய்த ஒரு நகரம் வருகிறது. ஒவ்வொருவரிடமும் ஒரு மின்னணு அட்டை. அது கதவைத் திறக்கும். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் திறக்காமலும் போகலாம். முக்கியம் கதவல்ல, ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்கும் கணினி. அந்த நகரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை என்பதை நாம் சேர்த்துச் சொல்லவேண்டும். மேலே உள்ளவர் தன் அட்டையை விரும்பினால் தட்டுகிறார், விரும்பாவிட்டால் பைக்குள் வைத்துக்கொள்கிறார். 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா நகராட்சிகளில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் இருப்பிடம் காட்டும் கடிகாரம் கட்டப்பட்டது. கூலி பிடிக்கப்படுகிறது, கழிப்பறைக்குப் போகக்கூடப் பயமாக இருக்கிறது என்று அவர்கள் முறையிட்டார்கள். ஒருவருக்கு அட்டை, இன்னொருவருக்கு விலங்கு. இரண்டையும் ‘ஸ்மார்ட்’ என்ற ஒரே அடைமொழி மூடுகிறது.

சட்டம் காப்பாற்றுமா? 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானாகவே பொதுவெளியில் வைத்த விவரங்களுக்குப் பொருந்தாது என்று விலக்கு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய பக்கத்தில் உங்கள் எண்ணையும் படத்தையும் நீங்களே வைத்திருந்தால் அது எந்தப் பக்கம் விழும் என்று வக்கீல் நண்பர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேரின் எண்கள் ஒரு நோட்டில் இருப்பதே ஆபத்தாக முடிந்த அனுபவம் நமது இயக்கங்களுக்கு உண்டு. இங்கே எண்களோடு, யார் யாரை எப்போது பார்த்தார்கள் என்ற பட்டியலும் கம்பெனி சர்வரில் சேர்கிறது.

இதற்கெல்லாம் எதிரான ஒரு நியாயமும் உண்டு. அதைப் பெண்கள்தான் சொன்னார்கள். காகித அட்டையில் எண்ணை அச்சடித்துக் கொடுத்தால் அது யார் கைக்கெல்லாம் போகும், ராத்திரி பதினோரு மணிக்கு யார் கூப்பிடுவான் என்று தெரியாது. மின் அட்டையில் எண்ணை மறைக்கலாம், கொடுத்த பிறகும் பின்வாங்கிக்கொள்ளலாம். ஆசிரியர் சாக மறுப்பதை மேலே கிண்டல் செய்தேன். இந்த இடத்தில் அந்த மறுப்பு ஒரு தற்காப்பு. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கம்பெனி இல்லாமல் செய்ய முடியாதா என்றால், முடியும். வெற்றுச் சில்லு ஒட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன, எழுதுவதற்கு இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் இரண்டு முட்டுக்கட்டை. ரோமன் எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறிகளுக்கு வழக்கமான குறியேற்றத்தில் ஆளுக்கு மூன்று. ‘கொ’ என்பதற்கு ககரம் மூன்று, கொம்பும் காலும் சேர்ந்து மூன்று, ஆக ஆறு பைட். 144 பைட்டில் அதிகபட்சம் 48 தமிழ்க் குறிகள். சில்லின் சொந்தக் கணக்குக் குறிப்புகளுக்குப் போக அதிலும் குறையும். கொஞ்சம் பெரிய சில்லாக, 888 பைட் வகையாக வாங்கினால் பெயரும் ஊரும் தமிழிலேயே தாராளமாக அமரும். அடுத்தது, ஆண்ட்ராய்டு போன் சில்லில் நேரடியாக எழுதிய விகார்டைப் படித்துக்கொள்ளும், ஐபோன் தானாகப் படிக்காது. முகவரி, தொலைபேசி எண் மாதிரியான இணைப்பு வகைகளையே ஏற்கும். எல்லாப் போனுக்கும் பொதுவாக இருக்கவேண்டும், நடுவில் யாரும் உட்காரக்கூடாது என்றால் எண்ணை மட்டும் எழுதிவைக்கலாம். பெயர் கிடையாது.

அப்போது தட்டியவர் நிமிர்ந்து பார்த்து, ‘உங்க பேரு என்னன்னு போட?’ என்று கேட்பார். கேட்டு, தனக்குக் கேட்டபடி, தனக்கு ஞாபகம் இருக்கும்படி எழுதிக்கொள்வார். நம் போன்களைத் திறந்தால் ‘கேஸ் ரவி’, ‘தண்ணி கேன்’, ‘செல்வி அக்கா டைப்பிங்’, ‘மாநாட்டுல பார்த்த தோழர், மதுரை’ என்று வரிசையாக இருக்கிறதே, அந்தப் பட்டியலில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகத்தான் கிடக்கிறது.